அங்கம்மாக்கா கத்துக்கின ஜப்பான் பேச்சு

அங்கம்மாக்கா என் கிளாஸுக்குள்ள மொத மொத நுழைஞ்சப்போ செருப்பக் கூட கழட்டல. வாசல்ல நின்னு, வெல்டருங்களும் நர்ஸுங்களுமா உக்காந்திருந்த மொத்த கும்பலுக்கும் முன்னாடி, "இங்க யாரும்மா நவ்ரீனு? என் புள்ளய ஜப்பானுக்கு ஏத்தி அனுப்பிச்சவ?"ன்னு கேட்டாங்க. கேட்டாங்கன்னு மரியாதைக்கு சொல்றேன். கத்தினாங்க. கீழ வலைக்கடை கல்லாவுல குந்திகினு இருந்தவரு வெளிய வந்து மாடிய எட்டிப் பாத்தாரு.

நான் கோவக்காரி. தண்டையார்பேட்டைல எங்க தெருவுல எவனக் கேட்டாலும் சொல்லுவான். எண்ணூர் பக்கம் ஒரு ஜப்பான்காரங்க ஆபீஸ்ல வேல பாத்துகினே பாஷையக் கத்து, பரீட்ச எழுதி பாஸ் பண்ணி, ராயபுரத்துல சொந்தமா வாடக குடுத்து நடத்தற கிளாஸு அது. அங்க வந்து ஒருத்தங்க சவுண்டு வுட்டா சும்மா இருப்பேனா? "நான்தான் நவ்ரீன். செருப்ப வெளிய வுட்டுட்டு உள்ள வந்து பேசுங்க"ன்னேன்.

வுட்டுட்டு வந்தாங்க. முன் பெஞ்சுல உக்காந்தாங்க. பக்கத்துல இருந்த பையன் மீன் வாடைக்கு கொஞ்சம் தள்ளி உக்காந்தான், அவன ஒரு மொற மொறச்சாங்க. அப்புறம் என்னப் பாத்து, "நான் வெற்றியோட அம்மா"ன்னாங்க. கண்ணு கலங்கி இருந்துச்சு.

வெற்றின்னு கேட்டதும் என் கோவம் எங்க போச்சுன்னே தெரியல. என்னாண்ட படிச்ச பையன். இப்போ ஜப்பான்ல ஒரு கடலோர ஊர்ல மீன் பேக்கிங் ஃபேக்டரில வேல பாக்கறான். அங்கயே நட்சுமின்னு ஒரு பொண்ணு, ரெண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கறதா முடிவு பண்ணிட்டாங்க. பொண்ணோட அம்மா பேரு ஹருயோ. பொங்கல் கழிச்சு பொண்ணையும் கூட்டிகினு மாப்ள வூடு பாக்க ராயபுரத்துக்கு வராங்க. இதெல்லாம் அக்கா ஒரே மூச்சுல சொல்லி முடிச்சாங்க.

"நல்ல விஷயம்தானக்கா"ன்னேன்.

"இன்னா நல்ல விஷயம்? எனக்கு அவன் ஒருத்தன்தான் புள்ள. கல்யாணத்துக்கு அப்பால அங்கயேதான் இருப்பேன்றான். அந்தம்மாவாண்ட நான் நேருக்கு நேரா கேக்கணும். என் புள்ளய என் வூட்டுக்கு அனுப்பிடு, உன் பொண்ணையும் கூட சேத்து அனுப்பு, நான் ராணி மாதிரி வெச்சிக்கறேன்னு கேக்கணும். அத ஜப்பான்ல சொல்லக் கத்துக்குடு."

"வெற்றியே கூட வரானே, அவன் சொல்ல மாட்டானா?"

"அவனா? நான் 'புள்ளயத் திருப்பி அனுப்பு'ன்னு சொன்னா, அவன் அந்தம்மாவாண்ட 'காப்பி குடிக்கறீங்களான்னு அம்மா கேக்கறாங்க'ன்னு சொல்லுவான். பெத்தவளுக்குத் தெரியாதா? நீதான அனுப்பிச்ச? நீதான் வழி பண்ணணும்."

அன்னிக்கே கிளாஸ்ல சேத்துக்கினேன்.

அங்கம்மாக்காவப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். காசிமேடு ஹார்பர்ல ஏலம் வுடறவங்க. மூணு விசைப்படகு மீன் அவங்க வாயாலதான் விக்குது. அவங்க குரல் கேட்டா கூட்டம் தானா வழி வுடும். வூட்டுக்காரரு மாரியப்பன் அண்ணன் படகுல போறவரு, வாயே தொறக்காத மனுசன். பொண்டாட்டி ஜப்பான் கத்துக்கறது தெரிஞ்சு அவரும் ஆர்வமா ஒரே ஒரு வார்த்த கேட்டுத் தெரிஞ்சிக்கினாரு. 'ஹாய்'. அப்பிடின்னா 'ஆமா'. "இது போதும் பாப்பா எனக்கு, இருபத்தெட்டு வருசமா இதத்தான் தமிழ்ல சொல்லிகினு கீறேன்"ன்னாரு. அக்கா அவரு முதுகுல ஒண்ணு போட்டாங்க.

மொத நாள் போர்டுல எழுதினேன். முசுகோ ஓ, வதாஷி நோ, உச்சி நி, காயெஷித்தே குதசாய். அக்கா அந்த எழுத்தயே பாத்துகினு இருந்தாங்க. "ஐயே, இன்னாடி இது, நடு நடுவுல ஓ, நோ, நின்னு. விக்கல் எடுக்கற மாதிரி கீது."

அந்த விக்கல்தான் ஜப்பான் பாஷையோட உசுரே. அத எப்பிடி புரிய வெக்கறதுன்னு யோசிச்சேன். "அக்கா, ஏலம் முடிஞ்சதும் கூடைக்கு இன்னா பண்ணுவீங்க?"

"காதுல கயிறு கட்டுவேன். கம்பெனி வண்டிக்குன்னா செவப்பு, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்குன்னா நீலம், நம்ம பொம்பளைங்க சில்லறைக்கு எடுத்தா பச்ச."

"யாராச்சும் கூடைய எடம் மாத்தி வெச்சிட்டா?"

"வெச்சா இன்னா இப்போ? கயிறு கூடையோடதான போவும். லோடு ஏத்தறவன் கயித்தப் பாத்து ஏத்திகினு போய்கினே இருப்பான்."

"அவ்ளோதான்க்கா ஜப்பான். முசுகோன்னா புள்ள. அதுதான் கூடை. அதுக்குப் பின்னாடி கட்டுன கயிறு 'ஓ'. 'ஓ' கட்டுனா 'புள்ளய'ன்னு அர்த்தம். வதாஷின்னா நான், 'நோ' கட்டுனா 'என்னோட'. உச்சின்னா வூடு, 'நி' கட்டுனா 'வூட்டுக்கு'. காயெஷித்தே குதசாய், திருப்பி அனுப்புங்க. புள்ளய முன்னாடி வெச்சாலும் வூட்ட முன்னாடி வெச்சாலும் கயிறு மாறலன்னா அர்த்தம் மாறாது. இன்னா பண்றோம்ன்ற சொல்லு மட்டும் கடைசில வரணும்."

அக்கா கொஞ்ச நேரம் வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தாங்க. "புள்ள-ய. என்-னோட. வூட்டு-க்கு. அட கஸ்மாலம், நாமளும் பின்னாடிதாண்டி கட்டறோம்!"

"ஆமாக்கா."

"அப்போ இவ்ளோ நாளா எனக்குத் தெரியாமயே பாதி ஜப்பான் பேசிகினு இருந்தேனா?" அவங்க சிரிச்ச சிரிப்புல கிளாஸே சிரிச்சுது. தள்ளி உக்காந்த பையன் கூட பழையபடி கிட்ட வந்து உக்காந்துகினான்.

ஒரு வாக்கியம் கத்துக்கினு போயிடுவாங்கன்னு நெனச்சேன். போவல. "அவங்க பதில் சொன்னா புரியணும்ல"ன்னு தெனம் வந்தாங்க. உக்காந்து படிச்சா ஒண்ணும் ஏறாது அவங்களுக்கு. எழுந்து நின்னு, மேச மேல என் தண்ணி பாட்டிலு, டஸ்டரு, ஒரு பையனோட ஹெல்மெட்டு எல்லாத்தையும் வரிசையா வெச்சி, ஒவ்வொண்ணா தூக்கிக் காட்டி ஏலக் குரல்ல கத்துவாங்க. "மிசு ஓ! நோமிமாசு!" தண்ணிய, குடிக்கறேன். கிளாஸ் மொத்தமும் பின்பாட்டு பாடும். வலைக்கடைக்காரரு ரெண்டு தடவ மேல ஏறி வந்து இன்னா சண்டன்னு விசாரிச்சிட்டுப் போனாரு.

தப்பும் பண்ணுவாங்க, சாதாரண தப்பா பண்ண மாட்டாங்க. சேந்து சாப்பிடறதுக்கு 'தோ' கட்டணும், நம்ம 'ஓட' மாதிரி. அக்கா ஒரு நாள் டிபன் பாக்ஸத் தொறந்து வெச்சி, எல்லாரும் பாக்க, "நவ்ரீன் ஓ தாபேமாசு!"ன்னாங்க.

"அக்கா, என்னோட சாப்பிடறேன்னு சொல்லல நீங்க. என்னையே சாப்பிடறேன்னு சொல்றீங்க."

"கயிறு மாத்திக் கட்டிட்டேனா? உன்னத் துன்னா எனக்கு ஜீரணம் ஆவாதுடி, ஒடம்பு பூரா மொளகா." சொல்லிட்டு எறா தொக்குல பாதிய என் பக்கம் தள்ளினாங்க. அன்னியிலேந்து 'தோ' அவங்களுக்கு மறக்கவே இல்ல.

நம்ம ஜனத்துக்கு நெஜமாவே தண்ணி காட்டறது 'நி'யும் 'தே'யும். 'வூட்டுக்கு'ன்ற அதே 'நி'தான் 'வூட்ல'ன்றதுக்கும் வரும். நாம 'வூட்ல கீறேன்'னும் சொல்றோம், 'வூட்ல சமைக்கறேன்'னும் சொல்றோம், ரெண்டுக்கும் ஒரே 'ல'தான். அவன் அத ரெண்டாப் பிரிச்சிட்டான். இத விளக்கறதுக்குள்ள எனக்குத் தொண்ட வத்திடும். அக்கா கேட்டுட்டு, "கம்னு கெடந்தா 'நி', வேல நடந்தா 'தே'. ஐஸ் பொட்டில மீன் கெடக்குது, 'நி'. ஹார்பர்ல ஏலம் வுடறேன், 'தே'. இதுக்கு ஏன் இவ்ளோ படம் வரையற?"ன்னாங்க. எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. ஆனா அடுத்த பேட்ச்சுக்கு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தேன்.

'வா' அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிது. நாம 'நான் வந்து காசிமேடு', 'எம்பையன் வந்து ரொம்ப சாது'ன்னு இழுப்போம்ல, அந்த 'வந்து' இருக்கே, கிட்டத்தட்ட அதுதான் ஜப்பான் 'வா'. யாரப் பத்தி பேச்சுன்னு மொதல்ல தூக்கிக் காட்டறது. 'முசுகோ வா'ன்னு ஆரம்பிச்சா அக்கா நிறுத்தவே மாட்டாங்க. எம்பையன் வந்து நல்லவன், எம்பையன் வந்து சங்கரா மீனு துன்னுவான், எம்பையன் வந்து ஃபோன் பண்ண மாட்டான். கத்துக்கின வார்த்தையெல்லாம் அவன் மேலதான் போய் வுழும். ஒரு நாள் அப்பிடி சொல்லிகினே இருந்தவங்க டக்குனு நின்னுட்டாங்க. "நவ்ரீனு, அவன் வருவான்ல?"ன்னு தமிழ்ல கேட்டாங்க. "நீங்க கேட்டா வருவான்க்கா"ன்னேன். வேற இன்னா சொல்றது?

தை மாசம் வந்துட்டாங்க. ஏர்போர்ட்டுக்கு அக்கா குடும்பத்தோட போயி, மால போட்டு, ஆரத்தி சுத்தாத கொறையா கூட்டிகினு வந்தாங்க. ஹருயோ-சான் ('சான்'னா அங்க மரியாத, நம்ம 'அம்மா' மாதிரி) சின்ன உருவம், குட்டையா வெட்டின முடி, ஒவ்வொருத்தருக்கும் குனிஞ்சு குனிஞ்சு வணக்கம் சொல்லி இடுப்பே ஒடிஞ்சிருக்கும். புருசன் எப்பவோ தவறிட்டாரு. அவங்களும் அதே ஃபேக்டரிதான், பேக்கிங்ல சூபர்வைசரு. நட்சுமி வெற்றியாண்ட கத்துக்கின தமிழ்ல "அத்த, பசிக்குது"ன்னா. அந்த ஒரு வார்த்தையிலயே அக்கா விழுந்துட்டாங்க. மாரியப்பன் அண்ணன் எல்லாத்துக்கும் ஹாய் ஹாய்னு தலயாட்ட, அவருக்கு ஜப்பான் தண்ணி பட்ட பாடுன்னு நெனச்சி ஹருயோ-சான் வளவளன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. அதுக்கும் ஹாய்தான்.

ஆனா கேக்க நெனச்சத மட்டும் அக்கா கேக்கல. அன்னிக்கி மட்டும் நாலு தடவ சொல்ல வாய் தொறந்து, நாலு தடவயும் "இன்னும் கொஞ்சம் குழம்பு"ன்னு முடிச்சிட்டாங்க. எனக்குப் பத்திகினு வந்துச்சு. சமையக்கட்டுல ஓரங்கட்டி, "எவ்ளோ மாசமா படிச்சீங்க? கேளுங்க!"ன்னேன்.

"இங்க எல்லாரும் கீறாங்கடி. நாளைக்கி காலைல அந்தம்மாவ ஹார்பருக்கு இட்டுகினு போறேன். நீ மட்டும் வா. நடுவுல பூந்து மொழிபெயர்த்த, மரியாத கெட்டுடும்."

மறுநாள் காலைல மூணு பேரும் ஹார்பருக்குப் போனோம். ஹருயோ-சானுக்கு அக்கா தன்னோட ரப்பர் செருப்பக் குடுத்திருந்தாங்க. படகு வந்து, கூடைங்க எறங்கி, அக்கா ஏலத்த ஆரம்பிச்சதும் ஹருயோ-சான் வாயப் பொளந்துகினு நின்னுட்டாங்க. அவங்க ஊர்லயும் ஏலம் உண்டாம், ஆம்பளைங்கதான் வுடுவாங்களாம். அக்கா ஒரு வஞ்சிரத்தத் தூக்கிக் காட்டி வெலய ஏத்த ஏத்த, இவங்க கையத் தட்டிகினு குதிக்கறாங்க. சத்தத்துல ஒரு வியாபாரி ஏமாந்து வெலய ஏத்திட்டான். கூடைங்களுக்குக் கயிறு கட்டறப்போ குந்தி உக்காந்து கட்டவும் ஆரம்பிச்சிட்டாங்க. அக்கா கலரு சொல்ல சொல்ல, இவங்க எடுத்துக் குடுத்தாங்க. ஒண்ணு கூடத் தப்பல.

ஏலம் முடிஞ்சா அங்க ஒரு வழக்கம் உண்டு. பொம்பளைங்க ஆளுக்கொண்ணு கொண்டாந்து, ஷெட்டு நெழல்ல ஒரே குண்டான்ல கொட்டி, சுத்தி உக்காந்து சாப்பிடுவாங்க. ஒருத்தி வரல்லன்னா சோத்துல கை வெக்க மாட்டாங்க, தேடிகினு ஆள் போவும். தனியா குந்தித் துன்றவள அங்க பாவம்னுதான் பாப்பாங்க. அன்னிக்கி நெத்திலிக் குழம்பு. ஹருயோ-சான் கவுத்துப் போட்ட பிளாஸ்டிக் மீன் கிரேட்டு மேல உக்காந்து, கையால பெசஞ்சு, மூக்கு செவக்க செவக்க சாப்பிட்டாங்க. எல்லாரும் அவங்க வாயவே பாத்துகினு சிரிச்சிகினு இருந்தாங்க.

அக்கா அவங்க பக்கத்துல நகந்து உக்காந்தாங்க. நான் கண்ணக் காட்டினேன், கேளுங்கன்னு. அக்கா தொண்டயக் கனச்சிகினு, வேற எதயோ கேட்டாங்க. "உச்சி தே, தாரே தோ கோஹான் ஓ தாபேமாசு கா?" வூட்ல யாரோட சாப்பிடுவீங்க? கயிறெல்லாம் சரியா கட்டியிருந்தாங்க.

ஹருயோ-சானுக்கு ஒரே ஆச்சரியம். "நட்சுமி தோ"ன்னாங்க. அப்புறம் வெரல நீட்டி எண்ணி, "பெத்தோரி-குன் தோ." நம்ம வெற்றிதான், அவங்க வாய்ல அப்பிடி வருது, பசங்களுக்கு 'சான்' எடத்துல 'குன்'. இப்போ மூணு பேராம், ரொம்ப சத்தமாம், நல்லா கீதாம்.

அக்கா விடல. "நட்சுமி, இனாய். தாரே தோ?" நட்சுமி இல்லன்னா யாரோட?

ஹருயோ-சான் சிரிச்சாங்க. "தெரெபி தோ"ன்னாங்க.

டி.வி.யோட.

நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. அக்கா கையில பெசஞ்ச சோறு அப்பிடியே நின்னுச்சு. சுத்தி உக்காந்திருந்தவங்க இன்னாடி சொன்னாங்க, இன்னாடி சொன்னாங்கன்னு என்ன நோண்டறாங்க. அக்கா அந்தம்மா மொகத்தயே பாத்துகினு இருந்தாங்க. ஹருயோ-சான் சிரிப்பு இன்னும் மொகத்துல ஒட்டிகினுதான் இருந்துச்சு, ஆனா கண்ணு குழம்புக் குண்டானையே பாத்துகினு இருந்துச்சு. நான் மனசுக்குள்ள, இப்போ கேக்காதீங்கக்கான்னு சொல்றேன். ஒரு பக்கம், கேக்கலன்னா அக்கா செத்துடுவாங்களேன்னும் தோணுது.

அக்கா முந்தானையில மொகத்தத் தொடச்சிகினாங்க. அப்புறம் நிமுந்து உக்காந்து சொன்னாங்க. ஏலக் குரல்ல இல்ல. அவங்களுக்கு அப்பிடி ஒரு மெதுவான குரல் இருக்குன்றதே எனக்கு அன்னிக்கிதான் தெரியும்.

"முசுகோ வா, ஒக்காசான் நோ உச்சி நி இமாசு. முசுகோ தோ, கோஹான் ஓ தாபேத்தே குதசாய்."

என் புள்ள உங்க வூட்லயே இருப்பான். என் புள்ளயோட சாப்பிடுங்க.

என்னால சும்மா இருக்க முடியல. "அக்கா, இன்னா சொல்லிட்டீங்கன்னு புரியுதா உங்களுக்கு?"

"நல்லா புரியுதுடி." அழுதுகினே சொன்னாங்க. "எனக்கு சோறு போட இந்த ஹார்பரே கீது. அவங்களுக்கு இன்னா கீது? டி.வி.யோட துன்னுவாங்களாம் டி.வி.யோட."

இது தமிழ்ல வந்ததும் பக்கத்துல இருந்த ஒரு அம்மா, "அடியே அங்கம்மா, ஒத்தப் புள்ளய வூட்டோட மாப்ளயா அனுப்பறியா? ஜனம் சிரிக்காது?"ன்னாங்க.

"சிரிக்கட்டும். சிரிக்கறவள இங்க வரச் சொல்லு, அவளுக்கும் ஒரு உருண்ட வெக்கறேன்."

ஹருயோ-சான் இது எதையும் கேக்கல. கிரேட்டுலேந்து எறங்கி, அந்த ஈரத் தரையில முட்டி போட்டு, நெத்தி தரையில படற மாதிரி குனிஞ்சாங்க. அக்கா பதறிப் போயி, எச்சக் கையோட தோளப் புடிச்சித் தூக்கினாங்க. அந்தம்மா சட்டத் தோள்ல மஞ்சக் குழம்பு அஞ்சு வெரலும் பதிஞ்சிடுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் புடிச்சிகினு அழறாங்க, நடுநடுவுல சிரிக்கறாங்க. நானும் அழுதேன். அழாம இருப்பேனா, நான் இன்னா கல்லா?

அப்புறம் ஹருயோ-சான் மூக்க உறிஞ்சிகினு, அக்காவுக்குப் புரியணும்னு ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தி சொன்னாங்க. "ஃபுனே கா தெனாய் தோக்கி, உச்சி நி கித்தே குதசாய்."

நான் வாயத் தொறந்தேன். அக்கா கையக் காட்டி நிறுத்திட்டாங்க. "நீ சொல்லாத. இரு. ஃபுனேன்னா படகு. படகு... போவாதப்போ." கண்ண மூடிகினாங்க. "வூட்டுக்கு. வாங்க." கண்ணத் தொறந்தாங்க. "தடைக்காலத்துலயாடி? ரெண்டு மாசம் படகு கடலுக்குப் போவாதே, நான் வூட்ல ஈ ஓட்டிகினு கெடப்பேனே, அதயா சொல்றாங்க?"

"அதேதான்க்கா. வெற்றி சொல்லியிருப்பான் போல. வருசா வருசம் தடைக்காலத்துல அங்க வந்து இருக்கச் சொல்றாங்க."

அக்கா அந்தம்மாவப் பாத்தாங்க, சுத்தி உக்காந்திருந்த தோஸ்துங்களப் பாத்தாங்க, எழுந்து நின்னாங்க. அதுக்கப்புறம் போட்டாங்க பாருங்க ஒரு சத்தம், ஐஸ் லாரிக்காரன் பிரேக்கு போட்டு எறங்கி வந்துட்டான்.

"ஏய், கேட்டுக்கோங்கடி எல்லாரும்! சித்திர மாசம் அங்கம்மா ஜப்பான் போறா!"

ஹார்பரே ஓன்னு கத்துச்சு. எவனோ விசிலடிச்சான். ஹருயோ-சான் ஒண்ணும் புரியாம அவங்களும் ரெண்டு கையயும் தூக்கிகினு கத்தினாங்க. அந்தக் கூச்சல் அடங்கறதுக்குள்ள அக்கா திரும்ப உக்காந்து, அந்தம்மா பக்கத்துல நெருங்கி, ஆறிப்போன சோத்த ஒரு வாய் எடுத்து அவங்களுக்கு ஊட்டிட்டு, என் காதாண்ட குனிஞ்சு கேட்டாங்க.

"நவ்ரீனு, பாஸ்போர்ட்டு எடுக்க எங்கடி போவணும்?"